பழைய ஜீப்பா, புதுத் தாரா?

தேனிப் பக்கம் வண்டிப் பித்துள்ளவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். "எம்.எம். 540 ஒண்ணு நல்ல விலைக்கு வருதுண்ணே, எடுத்துத் தேத்திரலாமா? இல்ல, லோன் போட்டுப் புதுத் தாரே புக் பண்ணிரவா?" செகண்ட் ஹேண்டில் ஜிப்ஸி தேடுகிறவர்களும், ஜிம்னியை ஷோரூமில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்களும் இதையேதான் வேறு பெயர்களில் கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடு பள்ளம், பாறை, சேறு என்று ஏறி இறங்குகிற திறமையை மட்டும் பார்த்தால் புது வண்டிதான் மேல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எடை, அகலம், ரிப்பேர் என்ற மூன்று விஷயங்களில் பழைய வண்டி இன்னும் தோற்கவில்லை. நீங்கள் போகிற பாதைக்கு இந்த மூன்றும் எவ்வளவு முக்கியம் என்பதை வைத்துத்தான் எதை வாங்குவது என்று சொல்ல முடியும்.

எது பழசு, எது புதுசு என்பதைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்காக 1941-ல் அமெரிக்காவில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்தான் எல்லாவற்றுக்கும் மூலம். போர் முடிந்து, 1947-ல் மஹிந்திரா அந்த ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. ஏணி மாதிரியான சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு மூலையிலும் பட்டை ஸ்ப்ரிங், ஹை–லோ கியருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ். இந்த எலும்புக்கூடு பெரிதாக மாறவேயில்லை. எம்.எம். 540, கமாண்டர், மேஜர் எனப் பெயர்களும் என்ஜின்களும்தான் மாறின. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியும் இதே அமைப்புதான். ஆனால் சுஸுகி அதை ரொம்ப லேசாகச் செய்திருந்தது. இவைதான் என் கணக்கில் பழசு. 2020 அக்டோபரில் வந்த தார், 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னி, இப்போதைய ஃபோர்ஸ் கூர்க்கா, 2024-ன் தார் ராக்ஸ் எல்லாம் புதுசு. 2010-ல் வந்த முதல் தார் நடுவில் நிற்கிறது: முன்பக்கம் தனித்தனியாக அசையும் சக்கரங்கள், பின்பக்கம் பழைய பட்டை.

இப்போது பாதைக்கு வருவோம். கொழுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, போடிநாயக்கனூர் தாலுகா. ஜீப் போகிற வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,900 அடி உயரம். சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களை விடியற்காலை இருட்டில் ஏற்றிக்கொண்டு போகிற உள்ளூர் ஜீப்புகளில் எத்தனையோ மேஜர், கமாண்டர்கள் உண்டு. பாதை முழுக்கப் பிடுங்கிய கல். நடந்து போகிறவரைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அந்த டிரைவர்கள் ஸ்டியரிங்கில் விரல்களைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஏற்றுவதை ஒருமுறை பார்த்தவர்கள், பழைய ஜீப்புக்கு மேல் உலகத்தில் வண்டியே கிடையாது என்று சத்தியம் செய்வார்கள்.

அந்த ஏற்றத்தில் டிரைவரின் பங்கு எவ்வளவு, ஜீப்பின் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்காமல் பழசையும் புதுசையும் ஒப்பிடவே முடியாது.

ஃபோர் வீல் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய ஜீப்பில் நடப்பது அதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும்தான் ஒன்றாகப் பூட்டுகிறது. ஒவ்வொரு ஆக்ஸிலின் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் சுற்ற வேண்டியிருப்பதால் அது தேவை. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால், அதே டிஃபரென்ஷியல் சுற்றலை எல்லாம் அந்தச் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். ஒரு பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது முன் இடதும் பின் வலதும் ஒரே சமயத்தில் தூக்கும். அப்போது அந்த இரண்டும் காற்றில் சுற்றும், தரையில் இருக்கிற இரண்டும் சும்மா நிற்கும். என்ஜினில் எத்தனை குதிரை இருந்தாலும் வண்டி நகராது.

பழைய ஆட்கள் இதற்கு வைத்திருந்த வைத்தியங்கள் எல்லாம் நல்ல வைத்தியங்கள்தான். பள்ளத்துக்குள் கல் போடுவது, தூக்குகிற பக்கத்துப் பம்பரில் இரண்டு பேர் ஏறி நிற்பது, கொஞ்சம் பின்வாங்கி வேறு கோணத்தில் விடுவது. இதில் இன்னொன்றும் உண்டு. பட்டை ஸ்ப்ரிங் பாரத்துக்காகச் செய்தது. ஆள் ஏறாத ஜீப்பில் அது விறைத்துக்கொண்டு நிற்கும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் தூக்கிக்கொள்ளும். எட்டுப் பேர் ஏறினால் பட்டை அமுங்கி, சக்கரங்கள் தரையோடு ஒட்டும். "லோடு இருந்தாத்தான் தம்பி வண்டி ஒழுங்கா ஏறும்" என்று மலை டிரைவர்கள் சொல்வது வெறும் சமாதானமில்லை. வாரக்கடைசியில் தனியாளாகக் காலி ஜீப்பை எடுத்துப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

புதுத் தாரில் பின் ஆக்ஸிலுக்கு மெக்கானிக்கல் லாக் கொடுத்திருக்கிறார்கள் (எல்லா வகையிலும் இல்லை, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்). இரண்டு பின் சக்கரங்களின் சுற்றலிலும் பெரிய வித்தியாசம் வந்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்ஸிலுக்கும் லாக் உண்டு. டிரைவரே போட வேண்டும். ஜிம்னியில் பூட்டு இல்லை. அதற்குப் பதில், வீணாகச் சுற்றுகிற சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் பிடிக்கிறது. பிரேக் பிடித்ததும் சக்தி மறுபக்கச் சக்கரத்துக்குப் போகிறது. இது வேலை செய்ய ஒரு நொடி ஆகும், அந்த நொடியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. சக்கரம் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டதும் பயந்து காலை எடுத்துவிட்டு, "ஜிம்னி ஏற மாட்டேங்குது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலை அப்படியே வைத்திருங்கள், கடகடவென்று ஒரு சத்தத்தோடு ஏறிவிடும்.

லாக்கின் பெருமையைப் பலரும் வண்டி மாட்டிக்கொள்ளாமல் வெளியே வருவதோடு மட்டும் நிறுத்துகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பாதை. லாக் இல்லாத வண்டி வேகத்தை வைத்துத்தான் ஏறும். தூரத்திலிருந்து விரட்டி வந்து, சக்கரத்தைச் சுற்ற விட்டு, மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டுப் போகும். அடுத்த மழையில் அந்தக் குழி ஓடையாகிவிடும். லாக் உள்ள வண்டி அதே இடத்தில் நடை வேகத்தில் ஏறி, டயர் தடத்தை மட்டும் விட்டுச் செல்லும். தோட்டத்து வழிகளில் நாளைக் காலை இலை மூட்டை ஏற்றிய டிராக்டர் வர வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். புது வண்டி பக்கம் நான் சாய்வதற்கு இதுவே முதல் காரணம்.

இறக்கத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. லோ கியரில் முதல் கியரைப் போட்டு இரண்டு காலையும் எடுத்துவிட்டால் பழைய டீசல் ஜீப் என்ஜின் பிடிப்பிலேயே பொறுமையாக இறங்கும். புது வண்டியில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. ஆனால் ஆற்றைக் கடந்த பிறகு வித்தியாசம் தெரியும்: நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய ஜீப்பில், தண்ணீர் புகுந்தால் பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்கவே பிடிக்காது. லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டி உலர்த்த வேண்டும். ஜிப்ஸியில் முன் சக்கரத்து ஹப்பைக் கையால் திருகிப் பூட்டவும் வேண்டும். பூட்ட மறந்து சேற்றில் இறங்கிவிட்டால், அந்தச் சேற்றிலேயே குனிந்து திருக வேண்டியதுதான். ஜிம்னியில் உட்கார்ந்த இடத்தில் லீவரை இழுத்தால் போதும். மாறாத விஷயமும் ஒன்று உண்டு. தார், ஜிம்னி, ஜிப்ஸி, பழைய ஜீப் எதையுமே காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் இல்லாததால் வளைவுகளில் எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்து எடை. சாஃப்ட் டாப் ஜிப்ஸி 985 கிலோ. ஜிம்னி 1,200 கிலோவை ஒட்டி வருகிறது. புதுத் தார் ஒன்றே முக்கால் டன் அளவில் நிற்கிறது. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் என்ஜின் கடைசி வடிவத்திலும் 80 குதிரைத்திறன்தான். கீழ் வேகத்தில் இழுவை குறைவு என்று எல்லோரும் அதைக் குறை சொல்வார்கள். ஆனாலும் சேற்றிலும் மணலிலும் அது மிதந்து போகும். தார் புதைந்து நிற்கிற இடத்தில் ஜிப்ஸி மேலோடு தாண்டிவிடும். மாட்டிக்கொண்டாலும், நாலு பேர் சேர்ந்து ஜிப்ஸியைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். தாரை வெளியே எடுக்க இன்னொரு வண்டியும் நல்ல கயிறும் வேண்டும். புதுத் தார் டீசலின் 300 நியூட்டன் மீட்டர் இழுவை செங்குத்தான கல் ஏற்றத்தில் வரப்பிரசாதம். ஈரக் களிமண்ணில் அந்த எடையே எதிரி.

அகலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, மலைப்பாதையிலோ அதுதான் முதல் கணக்கு. ஜிப்ஸி 1,540 மில்லிமீட்டர். ஜிம்னி 1,645. தார் 1,820. ராக்ஸ் 1,870. ஜிப்ஸிக்கும் ராக்ஸுக்கும் இடையே ஒரு அடிக்கு மேல் வித்தியாசம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறி, ஹைவேவிஸ் தாண்டி இரவங்கலாறு, மகாராஜா மெட்டு என்று உள்ளே போகிற தோட்டத்து வழிகளில் எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் அந்த ஒரு அடிதான் உங்களுக்குக் கிடைக்கிற இடம். ஒரு பக்கம் தேயிலைச் செடி, மறுபக்கம் சரிவு. பழைய ஜீப்பின் பானெட்டும் மட்கார்டும் சீட்டிலிருந்தே தெரியும், முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். புது வண்டிகளில் ஜிம்னியின் சதுர பானெட் இதில் பரவாயில்லை. தாரில் வலப்பக்கம் தெரியும், இடப்பக்கத்தைப் பழகித்தான் உணர வேண்டும்.

நீளத்தில் ஜிம்னி விட்டுக்கொடுத்ததையும் சொல்லியாக வேண்டும். ஐந்து கதவுக்காக முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை 2,590 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். ஜிப்ஸியில் அது 2,375. தூரம் கூடியதால் வயிறு தட்டுகிறது. மேட்டின் முகட்டைத் தாண்டும் கோணம் ஜிம்னிக்கு 24 டிகிரி, தாருக்கு 27. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி ஜிம்னிக்கு 210, தாருக்கு 226 மில்லிமீட்டர். முன்பக்க ஏறுகோணத்திலும் தார்தான் முந்துகிறது, ஏறத்தாழ 42 டிகிரிக்கு 36. ஆனால் ஜிம்னியின் முன் ஆக்ஸில் பழைய ஜீப்பைப் போல முழு ஆக்ஸில். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரத்தைக் கீழே அழுத்தும். அதோடு பட்டைக்குப் பதில் காயில் ஸ்ப்ரிங் இருப்பதால் சக்கரம் தாராளமாக மேலும் கீழும் போகிறது. பழைய எலும்புக்கூட்டையும் புது நரம்பையும் சேர்த்துச் செய்த வண்டி அது. கல்லும் குறுகலும் கலந்த நம் மலைகளுக்கு, இப்போது கிடைப்பதில் எனக்குப் பிடித்தது ஜிம்னிதான். இதைச் சொன்னால் தார் வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

ரிப்பேர் விஷயத்தில் பழைய ஜீப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. எம்.எம். 540-ல் இருந்த 2.1 லிட்டர் பெஜோ டீசல் என்ஜினுக்கு 62 குதிரைத்திறன்தான். ஆனால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மெக்கானிக்கல். ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குக் கரண்டே தேவையில்லை. பேட்டரி செத்தாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். மெயின் பட்டை ஒடிந்தால் கட்டையும் கயிறும் வைத்துக் கட்டி ஊர் வந்து சேரலாம். போடியில் ஒரு பட்டறையில், வயதான மெக்கானிக் ஒருவர் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸை மர நிழலில் சாக்கு விரித்துப் பிரித்துப் பூட்டுவதைப் பார்த்தேன். "புது வண்டி எல்லாம் எப்படிண்ணே?" என்றேன். "நல்ல வண்டிதான் தம்பி. ஆனா அதுக்கு என்ன நோவுன்னு அது கம்ப்யூட்டர்ட்டதான் சொல்லும், எங்கிட்டச் சொல்லாது" என்றார். சிக்னல் இல்லாத மலையில் ஒரு சென்ஸார் கெட்டு என்ஜின் சக்தியைக் குறைத்துக்கொண்டால், அங்கே நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று உண்டு. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நாள் முழுக்க லோ கியரிலேயே ஊர்ந்தால் கரி சேர்ந்து எச்சரிக்கை விளக்கு எரியும். மலையிலேயே குடியிருந்து மலையிலேயே ஓட்டுகிறவர் டீசல் தாரை எடுத்தால், அடிக்கடி கீழே இறக்கி நெடுஞ்சாலையில் ஓட்டிவர வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பெட்ரோல் நல்லது.

சரி, பாதுகாப்பு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் பெண்களை அடைத்துக்கொண்டு போகிற ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பக்கவாட்டுப் பெஞ்சு, பெல்ட் கிடையாது, மேலே தார்ப்பாய். அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளை இந்தப் பக்கத்து மக்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். புதுத் தார் குளோபல் என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. ராக்ஸ் பாரத் என்கேப்பில் 5. பழைய ஜீப் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வண்டியில் ஒன்றுமே இல்லை. ஆஃப் ரோடு போகிற வண்டியும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தார் ரோட்டில்தான் ஓடுகிறது. குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மதுரை நான்கு வழிச் சாலையில் எம்.எம். 540-ல் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் ரோல் கேஜும் பெல்ட்டும் சரியாகப் பொருத்தாமல் மலைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

புது வண்டியில் எனக்குள்ள பெரிய பயம் இது. பழைய ஜீப் தன்னால் முடியாது என்பதைச் சீக்கிரமே சொல்லிவிடும். பள்ளத்தின் வாயிலேயே சக்கரம் சுற்றும், என்ஜின் முக்கும், நீங்களும் இறங்கிப் பார்ப்பீர்கள். புது வண்டி அந்தப் பள்ளத்தை ஒன்றுமே நடக்காததுபோலக் கடந்து, அடுத்ததையும் கடந்து, கடைசியில் திரும்ப இடமில்லாத ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால் புது வண்டி எடுப்பவர்கள் முதல் சில மாதங்கள் பழைய ஜீப் டிரைவர் ஒருவரோடு போய்வாருங்கள். எங்கே இறங்கி நடந்து பார்க்கிறார், எந்தக் கல்லில் சக்கரத்தை வைக்கிறார், எந்த இடத்தில் ஏறாமல் திரும்பிவிடுகிறார் என்பதை எந்த எலெக்ட்ரானிக்ஸும் உங்களுக்குச் சொல்லித்தராது.

டயரைப் பற்றி ஒரே வார்த்தை: காற்றைக் குறையுங்கள். ரோட்டுக்காக வைத்திருக்கிற காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலே எந்த வண்டியும் வேறு வண்டி மாதிரி ஏறும். திரும்பத் தார் ரோட்டைத் தொடும்போது நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் பழைய ஜீப்தான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது, அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள், பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம். பஞ்சாபின் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி, ஜீப்புகளைப் பிரித்துச் சேர்த்துப் புதிதாகக் கட்டுவதற்குப் பேர் போன ஊர். அங்கிருந்து வருகிற ஜீப்புகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் என்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள் வகை, 4x4 என்பது எல்லாம் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டிகளைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் வரியும் உண்டு. இவை சரியாக இல்லாத ஜீப் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். சேஸிஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். லோ கியர் போட்டு ஒரு ஏற்றத்தில் ஓட்டி, கியர் தானாக வெளியே துள்ளுகிறதா என்று பாருங்கள்.

குடும்பத்தோடு ஊரிலும் ஓட்டி, மாதம் ஓரிருமுறை மலைக்கும் போகிறவர்களுக்குத் தார் பெட்ரோல், கிடைத்தால் பின் ஆக்ஸில் லாக் உள்ள வகை. குறுகலான தோட்டத்து வழிகளே அதிகம் என்றால் ஜிம்னி. மலையிலேயே பிழைப்பு, பக்கத்தில் தெரிந்த பட்டறை, ஆளும் மூட்டையும் ஏற்ற வேண்டும் என்றால் நல்ல மேஜர் ஒன்று இன்னும் பத்து வருடம் உழைக்கும். எதை எடுத்தாலும், போட்ட தடத்தை விட்டு விலகிப் புல்வெளியிலும் ஓடைப் படுகையிலும் இறக்காதீர்கள். சோலைப் புல்வெளியில் ஒருமுறை பதிந்த டயர் தடத்தில் மழைநீர் இறங்கி அரிக்கத் தொடங்கினால், திரும்பப் புல் மூடப் பல வருடங்கள் ஆகும்.